தண்ணி வந்தா சாரு, வராட்டி மேடம்

போர்வெல்லுக்குப் பாயிண்ட் பார்க்கிற தொழிலில் தண்ணீர் வந்தால் அது சாமி கொடுத்தது, வராவிட்டால் அது பாயிண்ட் பார்த்தவர் கெடுத்தது. இந்த விதி ஆண் பெண் எல்லாருக்கும் பொது. பார்த்தவர் பெண்ணாக இருந்தால் கூடுதலாக இன்னொரு விதியும் உண்டு. தண்ணீர் வந்த இடத்தில் அவள் இருந்ததே யாருக்கும் ஞாபகம் இருக்காது.

என் பெயர் ஜெசிந்தா. திண்டுக்கல்காரி. எம்.எஸ்சி. ஜியாலஜி படித்தவள். நிலத்துக்குள் மின்சாரம் விட்டுப் பார்த்து, எந்த இடத்தில் பாறை இடுக்கில் தண்ணீர் ஓடுகிறது என்று சொல்வது என் பிழைப்பு. அதையே ஆராய்ச்சியாக வைத்துப் பகுதிநேரமாக பிஎச்.டி.யும் செய்தேன். எட்டு வருஷம். அந்த எட்டு வருஷமும் ஒரு படிவத்தின் ஒற்றை வரியால் மண்ணாகப் போகப் பார்த்தது. வேலையை ஒருத்தி செய்ய, பெயர் இன்னொருவருக்குப் போன அனுபவம் உள்ளவர்கள், அடுப்படியிலோ ஆபீசிலோ லேபிலோ எங்கே இருந்தாலும் சரி, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து எனக்கும் இடம் கொடுங்கள்.

கட்டிக்கொண்டே இருக்கிற கழிப்பறை

எம்.எஸ்சி.யில் எங்கள் வகுப்பில் பன்னிரண்டு பேர். அதில் பெண்கள் இரண்டு பேர். முதல் இரண்டு ரேங்கும் எங்களுக்குத்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். கடைசி வருஷம் கல்லூரிக்கே வந்து ஆள் எடுத்தது ஒரு குவாரி கம்பெனி. பத்துப் பையன்களையும் அள்ளிக்கொண்டு போனது. அவர்களில் ஒருவனுக்கு இரண்டு வருஷமாகப் பரீட்சையில் கல்லை அடையாளம் காட்டியதே நான்தான். அவனுக்கும் வேலை கிடைத்தது.

நான் சும்மா விடவில்லை. இண்டர்வியூ எடுத்தவர் காரில் ஏறுவதற்குள் ஓடிப் போய், எங்கள் இரண்டு பேரிடம் என்ன குறை என்று கேட்டேன். தங்கமான மனுஷர். உண்மையாகவே வருத்தப்பட்டார். அவர் சொன்னதை நம்பிப் பதினைந்து வருஷமாகக் காத்திருக்கிறேன். இன்னும் கட்டி முடியவில்லை என்றால் அரண்மனை மாதிரிதான் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். அவர் சொன்னது இவ்வளவுதான்: "உங்ககிட்ட ஒரு குறையும் இல்லம்மா. சைட்ல லேடீஸ் டாய்லெட் இல்ல. கட்டினதும் சொல்லி அனுப்புறோம்."

குடையும் சுத்தியலும்

இந்த வேலை எப்படி நடக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் குழப்பத்துக்கு யார் காரணம் என்று உங்களுக்குப் புரியாது. ஒரு பெட்டி, நாலு இரும்புக் கம்பி, நாலு சுருள் ஒயர், இரண்டு சுத்தியல். கம்பிகளை ஒரே கோட்டில் நிலத்தில் அடித்து இறக்கி, பெட்டியிலிருந்து மின்சாரம் விட்டு, பூமி எவ்வளவு எதிர்ப்புக் காட்டுகிறது என்று மீட்டரில் பார்த்து எழுத வேண்டும். பிறகு வெளிக் கம்பிகளைப் பிடுங்கி இன்னும் தள்ளி அடிக்க வேண்டும். கம்பி தள்ளிப் போகப் போக மின்சாரம் ஆழமாக இறங்கும். மீட்டர் பார்ப்பது, எழுதுவது, கிராஃப் போடுவது, இடத்தைச் சொல்வது எல்லாம் நான். கம்பியைப் பிடுங்கிப் பிடுங்கி அடிப்பது என் கணவர் ஆரோக்கியம். அவர் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். ஜியாலஜியில் அவருக்குத் தெரிந்த ஒரே கல், வீட்டில் இருக்கிற ஆட்டுக்கல். சனி ஞாயிறு ஓய்வை விட்டு எனக்காக வெயிலில் ஓடுகிற நல்ல மனுஷர்.

ஆனால் பார்க்கிறவர்கள் கண்ணுக்கு என்ன தெரியும்? ஒரு ஆம்பளை தோட்டம் முழுக்க வியர்த்து விறுவிறுக்க நடந்து சுத்தியல் அடிக்கிறார். ஒரு பொம்பளை குடைக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து என்னவோ எழுதுகிறாள். வடமதுரைப் பக்கம் வெள்ளைச்சாமி என்கிற விவசாயியின் தோட்டத்தில் மூன்று மணி நேரம் பார்த்துவிட்டு, ஓர் இடத்தில் குச்சி நட்டு, "இங்க போடுங்கய்யா, எரநூத்தம்பது அடிக்குள்ள தண்ணி கெடைக்கும்" என்றேன். வெள்ளைச்சாமி என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கணவர் முகத்தைப் பார்த்தார். அவர் மரியாதைக்காகத் தலையாட்டினார். அப்புறம்தான் வெள்ளைச்சாமிக்கு நம்பிக்கை வந்தது. கிளம்பும்போது என் கணவர் தோளில் கை வைத்து, எனக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்: "சார், நீங்க அடிக்க அடிக்க ஒண்ணு விடாம எழுதிக்கிருதே இந்தத் தாயி, எழுத்தும் முத்து முத்தா இருக்கு. விட்றாதீக சார், இந்த மாதிரி ஆளு கெடைக்காது."

ஒரு குடம் உப்புத் தண்ணீர்

கம்பி மண்ணோடு நன்றாக ஒட்டினால்தான் மின்சாரம் உள்ளே இறங்கும். சித்திரை மாத மண் ஓடு மாதிரி காய்ந்து கிடந்தால் கம்பி அடியில் உப்புத் தண்ணீர் ஊற்றித்தான் ஆக வேண்டும். சித்தையன்கோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மீட்டர் முள் அசையவே மறுத்தது. தோட்டத்துக்காரர் மனைவி முத்துலட்சுமியிடம் போய் ஒரு குடம் தண்ணீர் கேட்டேன். மூன்று நாளைக்கு ஒரு தடவை வருகிற குழாயில் அவர் வரிசையில் நின்று பிடித்து வைத்திருந்த தண்ணீர். தயங்காமல் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். நான் அதில் இரண்டு கை கல் உப்பை அள்ளிப் போட்டேன். அவர் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

ஒவ்வொரு கம்பியாக நான் ஊற்றிக்கொண்டே போக, அவரும் பின்னாலேயே வந்தார். கம்பி எதற்கு, முள் ஏன் ஆடுகிறது, எழுதுகிற எண் ஏறினால் நல்லதா இறங்கினால் நல்லதா என்று ஒன்று விடாமல் கேட்டார். அன்று முழுக்க என்னிடம் நேராகப் பேசிய ஒரே ஆள் அவர்தான். குடம் காலியானதும் கவிழ்த்துப் பிடித்து உதறிவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, இருந்த ஒரு கொடத்தயும் ஊத்திப்புட்டு இனிமே இல்லாத தண்ணியத் தேடப் போறீகளாக்கும்? நல்லா இருக்கும்மா உங்க படிப்பு."

புளியமரத்துக்கு அந்தப் பக்கம்

குச்சி நட்டதோடு என் கூலி வேலை முடிந்துவிடும். ஆனால் ஆராய்ச்சி முடியாது. துளை போடும்போது பக்கத்தில் நின்று, எந்த ஆழத்தில் என்ன பாறைத்தூள் வருகிறது, எங்கே ஈரம் தட்டுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு தோட்டத்தில் துளை போடுகிற ரிக் லாரி வந்து நின்றதுமே அதன் டிரில்லர் அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு, லேடீஸ் பக்கத்தில் நின்றால் உளி பாறையில் மாட்டிக்கொள்ளும் என்று சொல்லிப் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னார். கொங்குப் பக்கத்து ஆள் என்பதால் ரொம்ப மரியாதையாகத்தான் விரட்டினார். கடைசியில் பத்தடிக்கு ஒரு தடவை என் கணவர் கை நிறையப் பாறைத்தூளை அள்ளிக்கொண்டு மரத்தடிக்கு ஓடி வந்து என்னிடம் காட்டிவிட்டுத் திரும்பி ஓடினார். தூரத்தில் நின்ற ஊர்க்காரர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று உங்களுக்கே புரியும். கல்லைப் பார்த்துச் சொல்கிறவர் சார். எழுதி வைக்கிறவள் நான்.

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. லாரி முகப்பில் பெரிதாக, "உரிமையாளர்: திருமதி" என்று போட்டு ஒரு பெண்ணின் பெயர் எழுதியிருந்தது. "ஏண்ணே, லாரியே ஒரு பொம்பளையோடது. அதுல உளி மாட்டலையா?" என்று மரத்தடியிலிருந்தே கத்தினேன். டிரில்லர் எஞ்சின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, நிதானமாகப் பதில் சொன்னார்: "அவிங்க இந்த லாரிய ஒரு நாளும் கண்ணுல பாத்ததே இல்லீங்க. அதனாலதானுங்க நல்லா ஓடிட்டு இருக்குது."

அதே காரணம்

பகுதிநேர பிஎச்.டி.க்கு ஒரு கெடு உண்டு. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். எனக்கு நடுவில் மகள் பிறந்தாள். சிசேரியன். ஆறு மாதம் சுத்தியல் சத்தமே கேட்கவில்லை. பெண்களுக்குப் பிரசவத்துக்காகக் கெடுவை நீட்டித் தருகிற விதி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, பல்கலைக்கழக ஆபீசுக்குப் போய் மனு கொடுத்தேன். அந்த மேசைக்காரர் முன்னும் பின்னும் படித்து, சான்றிதழை வெயிலில் பிடித்துப் பார்த்து, வேண்டா வெறுப்பாக நீட்டிப்புக் கொடுத்தார்.

மூன்று வருஷம் கழித்து மகன் பிறந்தான். மறுபடி அதே மேசை, அதே ஆள். இந்தத் தடவை பழைய ஃபைலையும் எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டு மனுவையும் ஒப்பிட்டு வரிவரியாக வாசித்தார். ஏதோ திருட்டைக் கண்டுபிடித்த மாதிரி கண்ணாடியைக் கழற்றினார். நீட்டிப்பு கிடைத்துவிட்டது. ஆனால் இதுதான் கடைசி, இனி ஒரு நாள்கூடக் கிடையாது, தவறினால் பதிவே ரத்து என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார். எழுதும்போது அவர் கேட்டது: "ரெண்டு தடவையும் ஒரே காரணத்தையே எழுதியிருக்கீங்களேம்மா, வேற காரணம் ஒண்ணும் கிடைக்கலையா?"

ஒற்றை வரி

என் ஆய்வேட்டுக்கு நாற்பது போர்வெல் விவரம் வேண்டும் என்று ஆய்வுக் குழு ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டது. நாற்பதுக்கும் ஒரு படிவம். எத்தனை அடி, எத்தனை இஞ்ச் தண்ணீர், என்றைக்குப் போட்டது, "இடம் பார்த்துச் சொன்னவர்" யார் என்று நிலத்துக்காரரே தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் எழுதினால் செல்லாது. போர் போட்டு முடிந்ததும் படிவத்தை நிலத்துக்காரரிடம் கொடுத்துவிட்டு வருவேன். பிறகு என் கணவர் ஒரு சுற்று போய் வாங்கி வருவார். நான் அடிக்கணக்கையும் இஞ்ச் கணக்கையும் மட்டும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு ஃபைலில் போட்டுவிடுவேன். அந்த ஒற்றை வரியை வாசிக்கவே இல்லை. யார் பார்த்தது என்று எனக்குத்தான் தெரியுமே!

கெடுவுக்கு இருபது நாள் இருக்கும்போது என் கைடு, அதாவது என்னை வழிநடத்துகிற பேராசிரியர், நாற்பது படிவத்தையும் மேசையில் பரப்பினார். சிடுமூஞ்சிதான், ஆனால் நேர்மையான மனுஷர். தண்ணீர் கிடைக்காத பதின்மூன்று படிவத்திலும் என் பெயர் இருந்தது. சும்மா இல்லை. விசிட்டிங் கார்டைப் பார்த்து, இனிஷியல், படிப்பு, போன் நம்பர் எல்லாம் ஒரு பிழை இல்லாமல் எழுதியிருந்தார்கள். தண்ணீர் வந்த இருபத்தேழு படிவத்தில் ஒன்றில்கூட நான் இல்லை. "ஆரோக்கியம் சார்" என்று சிலர். "தமிழ் வாத்தியார்" என்று சிலர். என்னையும் விட்டுவிடக் கூடாது என்று நினைத்த ஒரு புண்ணியவான், "ஜெசிந்தா மேடத்தின் கணவர்" என்று எழுதியிருந்தார். அந்த ஃபைல்படி நான் எட்டு வருஷமாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. என் கணவரோ ஒரு தடவைகூடத் தவறவில்லை. கைடு இரண்டு கட்டையும் தனித்தனியாக அடுக்கி வைத்துவிட்டு, சிரிக்காமல் கேட்டார்: "இந்த ஆதாரத்த வச்சு டாக்டர் பட்டம் உங்க வீட்டுக்காரருக்குத்தாம்மா குடுக்க முடியும். அவரு எப்ப ரிஜிஸ்டர் பண்ணாரு?"

கோபத்தில் எழுதுவது

பஸ்ஸில் அழுதுகொண்டேதான் திண்டுக்கல் வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா சாவு வீட்டுக்குப் போகிறேன் என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து அழுகை நின்றதும் கோபம் தொடங்கியது. கணவரோடு இரண்டு நாள் பேசவில்லை. அவர் ஒரு தப்பும் செய்யவில்லை, தலையாட்டியதைத் தவிர. மூன்றாம் நாள் அவராகவே முத்திரைத்தாள் வாங்கி, "எனக்கும் நிலத்தடி நீருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை, அத்துறையில் யான் முற்றிலும் அறிவிலி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்து நீட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைடு அதை ஏற்கவில்லை. நிலத்துக்காரர்கள்தான் திருத்தி எழுத வேண்டும் என்றார். கிளம்பினோம். இனி எந்தத் தோட்டத்திலும் தலையாட்ட மாட்டேன் என்று என் கணவர் சத்தியம் செய்தார். கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு வந்தவரைப் பார்த்து, சாருக்குக் கழுத்துப் பிடிப்பா என்று மூன்று பேர் விசாரித்தார்கள்.

வடமதுரை வெள்ளைச்சாமி தோட்டத்தில் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. என் தண்ணீர். அதைப் பார்த்ததும் நெஞ்சு நிறைந்ததை மறைக்கப் போவதில்லை. விஷயத்தைச் சொன்னதும் வெள்ளைச்சாமி பதறிப்போனார். "பொம்பளப்பிள்ள பேரப் போயி ஊரு பூரா போற காயிதத்துல எழுதுவாகளா தாயி? மரியாத இல்லேன்னுதான் சார் பேரப் போட்டேன்" என்றார். அவர் மனசில் கள்ளம் இல்லை. உடனே புதுப் படிவத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "அப்ப தண்ணி வராதவுக மட்டும் என் பேர முழுசா எழுதியிருக்காகளேய்யா, அது மரியாதக் குறைச்சல் இல்லையா?" என்று கேட்டேன். வெள்ளைச்சாமி பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டே சொன்னார்: "அது வேற தாயி. அது கோவத்துல எழுதுறது."

ஜன்னல் சாட்சி

திண்டுக்கல் டவுனுக்குள் காதர் பாய் என்று ஒரு தோல் வியாபாரி. அவர் வீட்டுக் கொல்லையில் போட்ட போரில் பொங்கிக்கொண்டு வந்தது தண்ணீர். மரியாதை தெரிந்த மனுஷர். அந்நியப் பெண்களை நிமிர்ந்து பார்க்க மாட்டார். என்னிடம் பேசினால்கூடச் சுவரைப் பார்த்துத்தான் பேசுவார். டீ, பிஸ்கட் எல்லாம் வந்தது. கையெழுத்து மட்டும் வரவில்லை. "நான் கண்ணால பாத்தது சாரைத்தாம்மா. பார்க்காததப் பார்த்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா நாளைக்கு ஆண்டவன் கேப்பான்" என்றார். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது.

அப்போது அடுப்படி ஜன்னலுக்குப் பின்னால் இருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். அன்றைக்கு மூன்று மணி நேரமும் அந்த ஜன்னலில்தான் நின்றிருந்தாராம். நான் எத்தனை தடவை மீட்டரைத் திருகினேன், எத்தனை பக்கம் எழுதினேன், எந்த இடத்தில் குச்சியை நட்டேன், நட்டதைப் பிடுங்கி இரண்டடி தள்ளி மறுபடி ஏன் நட்டேன் என்று வரிசையாக ஒப்பித்தார். எனக்கே மறந்துபோன விவரம் எல்லாம் அதில் இருந்தது. பாய் பேனாவைத் திறந்தார். அடுத்து நாங்கள் போன பல வீடுகளிலும் இதே கதைதான். ஆண்கள் சுத்தியலைப் பார்த்திருந்தார்கள். பெண்கள் என்னைப் பார்த்திருந்தார்கள். சித்தையன்கோட்டை முத்துலட்சுமி அவர் வீட்டுக்காரரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். ஆனாலும் எனக்குப் பிடித்தது காதர் பாய் மனைவி சொன்னதுதான்: "அந்தம்மா இருக்காங்கன்னு நீங்கதான் அந்தப் பக்கம் திரும்பியே நின்னீங்களே, அவங்க செஞ்சது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கொய்யாத் தோட்டம்

பதினேழு நாளில் இருபத்தாறு படிவம் திரும்பி வந்துவிட்டது. பாக்கி ஒன்று. கெடுவுக்கு மூன்று நாள். நாற்பதுக்கு ஒன்று குறைந்தாலும் குழு ஏற்காது என்று கைடு கறாராகச் சொல்லிவிட்டார். அந்த ஒன்று, ஆயக்குடியில் கொய்யாத் தோட்டம் வைத்திருக்கிற கந்தசாமி அண்ணனுடையது. நான் பார்த்த பாயிண்டுகளிலேயே நல்ல தண்ணீர் அங்கேதான். மூன்று இஞ்ச் தண்ணீர் வருஷம் முழுக்க ஓடியது. பத்துக் கொய்யாப் பழத்தைப் பையில் போட்டுக் கொடுத்தார், இளநீர் வெட்டிக் கொடுத்தார், படிவத்தை மட்டும் தொட மறுத்தார்.

இடம் பார்த்தது நான்தான் என்பதை அவர் மறுக்கவே இல்லை. அதுதான் வேடிக்கை. அவருக்குத் தெரிந்தே இருந்தது. நான் கெஞ்சினேன். எட்டு வருஷக் கதையைச் சொன்னேன். இரண்டு பிள்ளைகளையும் இழுத்தேன். வெட்கத்தை விட்டுக் கண்ணீரும் விட்டேன். அவருக்கும் கண் கலங்கியது. ஆனாலும் அசையவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார்: "தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். சார் பேரு எழுதின நாள்ல இருந்து தண்ணி குறையாம வருதுங்க. இப்பப் போயிப் பேர மாத்துனா அது கோவிச்சுக்கிட்டு உள்ள போயிருச்சுன்னா நான் எங்கீங்க போவேன்?"

ஆம்பியர் முள்

மறுநாள் காலையில் அவரிடமிருந்தே போன். பாயிண்ட் வற்றிவிட்டது, சொட்டுத் தண்ணீர் இல்லை, உடனே வந்து பதில் சொல்லுங்கள் என்று குதித்தார். ஓடினோம். தோட்டத்தில் அக்கம்பக்கத்தார் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். கந்தசாமி அண்ணன் எல்லாருக்கும் முன்னால் என்னைக் கைகாட்டி, "இந்த மேடம் பாத்த பாயிண்டுதானுங்க" என்றார். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக, தண்ணீர் வந்த ஒரு நிலத்துக்காரர், நாலு பேர் சாட்சியாக, இடம் பார்த்தது நான்தான் என்று தானாகவே சொன்னார். எனக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் மாலை போட்ட மாதிரி இருந்தது.

அவர் சுவிட்சை அழுத்திக் காட்டினார். மீட்டர் பார்ப்பதுதானே என் தொழில்? ஸ்டார்ட்டர் பெட்டியில் ஆம்பியர் முள் அசையவே இல்லை. தண்ணீர் வற்றியிருந்தால் மோட்டார் வெறுமனே ஓடும், முள் கொஞ்சமாவது ஆடும். இது கரண்டே போகாத கேஸ். பெட்டிக்குக் கீழே ஒயர்த் துணுக்குகளும் எலிப் புழுக்கையும் கிடந்தன. அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெட்டியையே பார்க்காத மாதிரி திரும்பி நின்றுகொண்டேன். என் கணவர் என்னைப் பார்த்தார். சத்தியம் செய்தபடி தலையை ஆட்டவில்லை. நான் பையிலிருந்து படிவத்தை எடுத்து, "அண்ணே, அப்ப இது யார் பாயிண்டுன்னு எழுத்துலயே குடுத்துருங்க" என்றேன். அவர் பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கி, என் பெயர், இனிஷியல், படிப்பு எல்லாம் அழுத்தி அழுத்தி எழுதினார். போட்ட தேதி, அடி, அன்றைக்கு வந்த மூன்று இஞ்ச், எல்லாம் உள்ளது உள்ளபடி எழுதிக் கையெழுத்தும் போட்டார். ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. மடித்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்த பிறகுதான், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொன்னேன். என் எட்டு வருஷ அறிவியல் நேர்மையை நான் ஒத்திவைத்தது அந்த ஐந்து நிமிஷம் மட்டும்தான். அதற்காக வருத்தப்படவும் இல்லை.

கெடு நாளில் ஆய்வேட்டை பைண்டிங் வாசம்கூடப் போகாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தச் சிவப்பு மைக்காரர் நாற்பது படிவத்தையும் எண்ணி ரசீது போட்டார். ரசீதைக் கையில் வாங்கிப் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன். இந்தத் தடவை சந்தோஷத்தில். அப்போது போன் அடித்தது. கந்தசாமி அண்ணன். குரலில் அப்படி ஒரு குழைவு: "மேடம், எலிதானுங்க ஒயரக் கடிச்சிருந்துச்சு. இப்பத் தண்ணி அடிச்சுட்டு வருதுங்க. அந்தப் பேப்பரக் கொஞ்சம் குடுத்து உடுங்க, பழையபடி சார் பேரயே எழுதிக் குடுத்தர்றேன்."

நான் இப்போது டாக்டர் ஜெசிந்தாதான், ஆனால் கைடும் கணவரும் முத்திரைத்தாளும் சேர்ந்து செய்ய முடியாததை ஒரே ராத்திரியில் செய்து கொடுத்த அந்த ஆயக்குடி எலிக்கு ஆய்வேட்டின் நன்றியுரையில் ஒரு வரி ஒதுக்காமல் விட்டது, எனக்குக் கிடைக்க வேண்டிய பெயரை இருபத்தேழு பேர் இன்னொருவருக்குக் கொடுத்த அதே தப்பை நானும் செய்ததாகத்தான் கணக்கு.